பக்கச் சக்கரத்தோடு பெடலையும் கழற்றுங்கள்

தங்கச்சி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். மகனுக்கு ஆறு வயது, அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டுக்குப் போகிறான். இரண்டு வருடமாகப் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் பூட்டிய 16 அங்குல சைக்கிளில் தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு முன்னால் சுற்றிச் சுற்றி வருகிறான். அந்தச் சக்கரத்தைக் கழற்றினால் மட்டும் சைக்கிள் பக்கமே வரமாட்டேன் என்று அழுகிறான். வீட்டுக்காரர், "எங்க காலத்துல அப்பாவோட பெரிய சைக்கிள எடுத்துட்டுப் போயி நாலு தடவ விழுந்தோம், அஞ்சாவது தடவ ஓட்டிட்டோம், நீதான் செல்லம் கொடுத்துக் கெடுக்கிற" என்கிறார். நாலு வயது மகள் எனக்கும் சைக்கிள் வேண்டும் என்று நிற்கிறாள். தீபாவளிக்கு 20 அங்குல சைக்கிளாக வாங்கிவிட்டால் நாலைந்து வருடத்துக்குக் கவலை இல்லையே என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். இதெல்லாம் நீங்கள் எழுதியது. எழுதாமல் கேட்டது ஒன்று இருக்கிறது: என் பிள்ளை பயந்தாங்கொள்ளியா? இல்லை. அவன் பயப்படுவது நியாயமான பயம். இரண்டு வருடமாக அந்தச் சைக்கிள் அவனுக்குத் தப்பான பாடம் நடத்தியிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றியதும் அந்தப் பாடம் இனிச் செல்லாது என்று அவன் உடம்புக்குத் தெரிந்துவிட்டது.

நான் மலேசியாவில், சிலாங்கூரின் பத்தாங் பெர்ஜுந்தையில் சைக்கிள் கடை வைத்து 31 வருடம் ஆகிறது. பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். சுற்றிலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டம். காலையில் செம்பனை வெட்டப் போகிறவர் டியூப் ஒட்டிக்கொண்டு போவார், மாலையில் அவர் பேத்தி பெல் மாட்ட வருவாள். பக்கச் சக்கரம் எத்தனை ஜோடி விற்றிருப்பேன் என்று கணக்கே இல்லை, அதனால் இந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் திடலில் பிள்ளைகளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சான்றிதழ் எதுவும் கிடையாது. பார்த்துப் பார்த்து உறுதியானதை உறுதி என்றும், என் அபிப்பிராயத்தை அபிப்பிராயம் என்றும் பிரித்தே சொல்கிறேன்.

உறுதியானது முதலில். சைக்கிள் எப்படி விழாமல் போகிறது என்பதை வாசலிலேயே காட்டலாம். நீளமான துடைப்பக் கட்டை ஒன்றை உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்துங்கள். அது இடப்பக்கம் சாய்ந்தால் உங்கள் கையும் இடப்பக்கம் ஓடும். சாய்கிற பக்கமே கை போய் அடியில் நின்றால் கட்டை நிமிரும், எதிர்ப்பக்கம் போனால் விழும். சைக்கிளிலும் இதே கதைதான். உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினால், சக்கரங்கள் உடம்புக்கு அடியில் ஓடிவந்து தாங்கிக்கொள்ளும். வேகம் இருந்தால் துளித் திருப்பம் போதும். மெதுவாகப் போனால் ஹேண்டில் நிறையத் திரும்பவேண்டும். நல்லா ஓட்டுகிறவர்களும் ஆமை வேகத்தில் போகும்போது ஹேண்டிலை இப்படியும் அப்படியும் ஆட்டுவது இதனால்தான். இதை எந்தப் பிள்ளைக்கும் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, புரியவைக்கவும் வேண்டாம். சாயக்கூடிய ஒரு சைக்கிளில், விழுந்துவிடுவோம் என்ற பயம் இல்லாமல் கொஞ்ச நேரம் உருளவிட்டால் உடம்பே கண்டுபிடித்துவிடும்.

பக்கச் சக்கரம் பூட்டிய சைக்கிளில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, ஏனென்றால் அது சாயாது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். வளைவில் திருப்பினால் பிள்ளையின் உடம்பு வெளிப்பக்கம் தள்ளப்படும். இரண்டு சக்கரத்தில் வளைவுக்கு உட்பக்கமாகச் சாயவேண்டும், இங்கே பழகுவது நேர் எதிர். உங்கள் மகனின் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு அந்தச் சின்னச் சக்கரம் இரண்டையும் பாருங்கள். பெரும்பாலும் ஒன்று மட்டும் ஓரம் தேய்ந்து, வெள்ளைப் பிளாஸ்டிக் தெரியும், மற்றது புதுசாகவே இருக்கும். என் கடைக்கு வருகிற பத்தில் எட்டு அப்படித்தான். பிள்ளை இத்தனை நாளும் அந்த ஒரு பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்துதான் ஓட்டியிருக்கிறது. ஆனாலும் அந்த இரண்டு வருடமும் வீண் என்று சொல்லமாட்டேன். மிதிக்கிற பழக்கம் வந்திருக்கும், அது கடைசியில் கைகொடுக்கும்.

சக்கரம் சுற்றுகிற விசைதான் சைக்கிளை நிறுத்துகிறது என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குச் சொன்னார்கள். உங்களுக்கும் சொல்லியிருப்பார்கள். அது முழு உண்மை இல்லை. 2011-ல் நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து, அந்தச் சுழற்சி விசையை எதிர்ச்சுழற்சி கொடுத்து ரத்துசெய்த ஒரு சைக்கிளைச் செய்தார்கள். ஆள் ஏறாமல் தள்ளிவிட்டாலும் அது விழாமல் ஓடியது. சாய்கிற பக்கம் முன்சக்கரம் தானாகத் திரும்புகிறதா என்பதுதான் விஷயம். அதற்கு எது எவ்வளவு காரணம் என்பதில் இன்னமும் கணக்குப் போடுகிறார்கள். கடைக்காரனுக்கு அந்தக் கணக்கு வேண்டாம், சைக்கிள் சாயவேண்டும் என்பது வரைக்கும் தெரிந்தால் போதும்.

இன்னொரு விஷயம். சைக்கிளின் மூதாதையான வண்டிக்குப் பெடலே கிடையாது. 1817 ஜூன் மாதம் ஜெர்மனியின் மான்ஹைம் ஊரில் கார்ல் ட்ரைஸ் என்பவர் ஓட்டிக் காட்டிய மரவண்டியில் இரண்டு சக்கரம், ஓர் இருக்கை, ஒரு ஹேண்டில், அவ்வளவுதான். காலால் தரையை உந்தி உந்தி ஓட்டினார். பெடல் வந்தது 1860களில், பாரிசில். அரை நூற்றாண்டு காலம் மனிதர்கள் மிதிக்காமல் சமநிலையை மட்டும் பழகியிருக்கிறார்கள். எங்கள் ஊர்க்காரனாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: ட்ரைஸ் வண்டி ஓட்டி சரியாக நூறு வருடம் கழித்து, 1917-ல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் மலாயாவில் முதன்முதலாகச் செம்பனையை வியாபாரத்துக்காக நட்டார்கள். பேர் தென்னமரம், நட்டது செம்பனை.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை நான் தள்ளமாட்டேன். அவர் பாதி சரி, மறந்துபோனது மீதிப் பாதி. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். அப்பா விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து கேரியரில் பால்வாளி கட்டி ரப்பர் மரம் சீவப் போவார். வேலை முடிந்து வந்து அவர் தூங்குகிற நேரம்தான் சைக்கிள் எங்களுக்கு. குறுக்குக் கம்பிக்குக் கீழே ஒரு காலை விட்டு ஓட்டுகிற குரங்குப் பெடல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் என்ன செய்தோம் என்பதுதான் ஞாபகத்தில் இல்லை. இடது பெடலில் ஒரு காலை வைத்து, மறுகாலால் தரையைத் தத்தித் தத்தித் தள்ளி, கொஞ்ச தூரம் அப்படியே உருளுவோம். தோட்டத்து ஆட்களைக் காலையில் கூட்டிப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தை எத்தனை தடவை அப்படிச் சுற்றியிருப்போம்! சமநிலை வந்தது அந்த ஒற்றைக்கால் உருளலில். குரங்குப் பெடல் அதற்கப்புறம் வந்த அலங்காரம். ஆக, அந்தக் காலத்துப் பிள்ளைகளும் மிதிப்பதற்கு முன்னால் உருளத்தான் பழகினோம். இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: அவருடைய அக்கா தங்கச்சிகளில் எத்தனை பேருக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்? என் அக்கா இருவருக்கும் தெரியாது. விழுந்து கற்றுக்கொண்டவர்கள் கதை சொல்கிறோம். ஒரு தடவை விழுந்ததும் "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு" என்று சைக்கிளைப் பிடுங்கி நிறுத்தப்பட்டவர்கள் கதை சொல்வதில்லை.

சரி, செய்யவேண்டியதற்கு வருகிறேன். பக்கச் சக்கரத்தைக் கழற்றுகிற அன்றே இரண்டு பெடலையும் கழற்றிவிடுங்கள். 15 எண் ஸ்பானர் வேண்டும், மெல்லிசாக இருந்தால் நல்லது. வலது பெடல் வழக்கம்போல இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை தலைகீழ், வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் பலம் கொடுத்து இறுக்கி, மரையைத் தின்னக் கொடுத்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் மாதம் இரண்டு பேராவது உண்டு. ஞாபகம் வைக்க ஒரு வழி: ஸ்பானரின் கைப்பிடி மேலே நிற்கும்படி மாட்டுங்கள். இரண்டு பக்கமும் பின்சக்கரத்தை நோக்கி இழுத்தால் கழலும், முன்சக்கரத்தை நோக்கித் தள்ளினால் இறுகும். கழற்றிய பெடலில் எல், ஆர் என்று எழுத்து பொறித்திருக்கும். மைலோ டின்னில் போட்டு வையுங்கள், அண்டா குண்டாவோடு சேர்த்தால் தேடவேண்டிவரும். பெடல் போன பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் இரும்புக் கையின் நுனி கணுக்காலில் இடிக்கும். பழைய பனியன் துணியைச் சுற்றி ரப்பர் போட்டுவிடுங்கள்.

அடுத்தது சீட்டு. பிள்ளை சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதியவேண்டும், முழங்கால் லேசாக மடங்கியிருக்கவேண்டும். நுனிக்கால் தொட்டால் போதாது. பயத்தில் பாதி இந்த ஒன்றிலேயே இறங்கிவிடும் என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். விழுந்துவிடுவேன் என்று பிள்ளைக்குத் தோன்றுகிற அந்த நொடியில் கால் தரையைத் தொட்டுவிட்டால், அது விழுந்ததாகவே கணக்கில் சேராது. ஹேண்டிலும் உயர்ந்து முழங்கையை நீட்டவைத்தால் அதையும் இறக்குங்கள். டயரில் காற்று குறைந்திருந்தால் சைக்கிள் உருளாது, பிள்ளைக்குக் கால் வலிக்கும், சலித்துப்போகும். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம்தான் அமுங்கவேண்டும். எத்தனையோ அழுகை வெறும் காற்றுக் குறைவால் வந்தது.

இடம். தோட்டத்தில் இதற்குப் பஞ்சமில்லை, ஆனால் எல்லா இடமும் ஆகாது. செம்மண் சடக்கில் (சாலையில்) பொடிக்கல் சறுக்கும். செம்பனைக் காட்டு ஓரம் வேண்டவே வேண்டாம், வெட்டிப்போட்ட மட்டையின் முள் டயரையும் குத்தும், விழுந்தால் பிள்ளையையும் குத்தும். புல் விழுவதற்கு மெத்தை, ஆனால் புல்லில் சைக்கிள் நகராது, நகராத சைக்கிள்தான் அதிகம் விழும். எனக்குப் பிடித்தது பூப்பந்துக் களத்துச் சிமெண்டுத் தளம், அல்லது பள்ளிக்கூடத்துச் சபைகூடல் தளம். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு சரிவு இருந்தால் இன்னும் நல்லது. தரையில் ஒரு பந்தை வைத்துப் பாருங்கள், மெதுவாக உருண்டால் அது போதும். அதற்கு மேல் சரிவு வேண்டாம். லோங்கான் (சாக்கடைக் கால்வாய்) பக்கத்தில் இருந்தால் அந்த இடத்தையே விட்டுவிடுங்கள். நேரம் காலை எட்டு மணிக்குள், இல்லையென்றால் மாலை ஆறு மணி வாக்கில். சிலிப்பர் வேண்டாம், சப்பாத்து (ஷூ) போடவேண்டும்.

முதல் நாள் ஒன்றும் சொல்லிக்கொடுக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்தபடி நடக்கட்டும். நடை அலுத்ததும் தானாகவே எட்டி எட்டி வைப்பான், பிறகு இரண்டு காலாலும் ஒரே நேரத்தில் தவளை மாதிரி உந்துவான். அப்போது ஒரு நொடி இரண்டு காலும் மேலே இருக்கும். அந்த ஒரு நொடிக்காகத்தான் இவ்வளவும். பத்து இருபது நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், அவன் இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே. இரண்டாம் மூன்றாம் நாளில் காலைத் தூக்கியபடி எத்தனை எண்ணுகிறான் என்று பாருங்கள். ஐந்து வரை எண்ணுகிற அளவுக்கு உருண்டு, கண்ணைக் கீழே போடாமல் நேரே பார்த்து, நீங்கள் தரையில் வைத்த ஒரு தேங்காய்ச் சிரட்டையைச் சுற்றி வளைந்து வந்தால் சமநிலை வந்துவிட்டது. அவனுக்கே தெரியாது. நீங்களும் சொல்லவேண்டாம்.

இந்த நாட்களில் நீங்கள் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டியது ஒன்றுதான்: நிறுத்துவது. சமநிலை தானாக வரும், பிரேக்கு தானாக வராது. மிரண்ட பிள்ளை பிரேக்கை மறந்து இரண்டு காலையும் விரித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் போகும், எத்தனையோ தடவை ஓடிப் பிடித்திருக்கிறேன். கைப்பிரேக்கு உள்ள சைக்கிளில் லீவரைப் பிள்ளையின் விரல் எட்டுகிறதா என்று முதலில் பாருங்கள். லீவருக்கு அடியில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும், அதை உள்ளே முடுக்கினால் லீவர் கிட்டே வரும். எந்தக் கை பின்பிரேக்கு என்று சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டுக் கண்டுபிடித்து, அந்த லீவரில் சிவப்பு டேப் ஒட்டுங்கள். முன்பிரேக்கை மட்டும் சடாரென்று பிடித்தால் பிள்ளை தலைகுப்புற வரும். தரையில் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, முன்சக்கரம் கோட்டில் நிற்கவேண்டும் என்று விளையாட்டாக்குங்கள். பெடலைப் பின்பக்கம் மிதித்தால் நிற்கிற வகை சைக்கிளாக இருந்தால் ஒரு எச்சரிக்கை: பெடலைக் கழற்றிவிட்டால் அதில் பிரேக்கே இல்லை. அந்தச் சைக்கிளைச் சரிவு இருக்கும் இடத்துக்கு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், கால்தான் பிரேக்கு.

பிறகு பெடலை மாட்டலாம். சீட்டை ஒரு விரல்கடை உயர்த்துங்கள், அதற்கு மேல் வேண்டாம். உங்கள் மகனுக்கு மிதிக்கத் தெரியும், உருளவும் தெரியும், தெரியாதது கிளம்புவது. ஒரு பெடலை மேலே கொண்டுவந்து, கடிகாரத்தில் இரண்டு மணி முள் நிற்கிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காலை அதில் வைத்து ஒரே அழுத்து, மறுகாலால் ஓர் உந்து. முதல் மிதியில் வேகம் கிடைத்தால் இரண்டாவது பெடலைக் கால் தானே தேடிக்கொள்ளும். பெடல் கீழே இருக்கும்போது கிளம்பப் பார்த்தால் வேகம் கிடைக்காமல் தள்ளாடி இறங்குவான், 'எனக்கு வராது' என்பான். பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது இந்த ஓர் அடியில்தான்.

நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தால் சைக்கிளைப் பிடிக்காதீர்கள். ஹேண்டிலைப் பிடித்தால் ஓட்டுவது நீங்கள். சீட்டைப் பிடித்தால் சைக்கிள் சாய முடியாது, பக்கச் சக்கரமும் நீங்களும் ஒன்று. ஒரு துண்டை எடுத்துப் பிள்ளையின் மார்பைச் சுற்றி, அக்குளுக்கு அடியில் கொண்டுவந்து, முதுகுப் பக்கம் இரண்டு நுனியையும் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கூடவே நடங்கள். விழப்போனால் மட்டும் இழுங்கள். குளித்துத் துவட்டுகிற அந்தத் துண்டைவிட நல்ல கருவி என் கடையில் இல்லை.

இந்த இடத்தில் என் தப்பு ஒன்றைச் சொல்லவேண்டும். என் மூத்த மகளுக்கு நான் கற்றுக்கொடுத்தது பழைய முறையில், சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி. "பிடிச்சிருக்கேன்மா, பிடிச்சிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கையை விட்டேன். எல்லா அப்பாக்களும் செய்கிற வேலைதான். என் குரல் தூரத்தில் கேட்டதும் அவள் திரும்பிப் பார்த்தாள். தலை திரும்பினால் தோள் திரும்பும், தோள் திரும்பினால் ஹேண்டில் திரும்பும். நேராக லோங்கானில். மணிக்கட்டு எலும்பில் கீறல், ஒரு மாதம் மாவுக்கட்டு. கை ஆறிவிட்டது. ஆனால் அதற்குப் பிறகு மூன்று வருடம் சைக்கிளைத் தொடவில்லை, நான் எதைப் பிடித்துக்கொள்கிறேன் என்று சொன்னாலும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொள்வாள். இப்போது பிள்ளைகளிடம் "மூணு எண்ணுவேன், விட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டுத்தான் விடுகிறேன். பொய் சொல்லிக் கையை விடுவதால் சீக்கிரம் வருகிறதா என்றால், சில பிள்ளைகளுக்கு வருகிறதுதான். எனக்கு அந்த வழி இனி வேண்டாம்.

தலைக்கவசம் முதல் நாளிலிருந்தே. புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம்விட்டு நேராக உட்காரவேண்டும், தாடைக்கும் வாருக்கும் நடுவே ஒரு விரல் நுழையவேண்டும். பின்மண்டையில் தொப்பி மாதிரி கவிழ்த்துப் போட்டால் போட்டதும் ஒன்று, போடாததும் ஒன்று.

இனி, நான் அடித்துச் சொல்ல முடியாதவை. எத்தனை நாளாகும்? பெடல் இல்லாமல் இரண்டே நாள் காலையில் பழகி மதியம் மிதித்தவர்களும் உண்டு, இரண்டு மாதம் எடுத்தவர்களும் உண்டு. பக்கச் சக்கரத்தில் நெடுநாள் பழகிய பிள்ளைகள் கொஞ்சம் தாமதம் என்பது என் அனுபவம். எதிர்ப்பக்கம் திருப்புகிற பழக்கத்தை மறக்கவேண்டியிருக்கிறதே. எந்த வயது சரி? மூன்றரையில் ஓட்டியதையும் பார்த்திருக்கிறேன், ஒன்பதில் தொடங்கி ஒரே நாளில் ஓட்டியதையும் பார்த்திருக்கிறேன். பெடல் இல்லாத வண்டியில் தொடங்கியவர்கள் பக்கச் சக்கரக்காரர்களைவிடச் சின்ன வயதில் தனியாக ஓட்டுகிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வாளர்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் 'எப்போது கற்றுக்கொண்டீர்கள்' என்று கேட்டு எழுதி வாங்கிய கணக்கு, உங்கள் வீட்டுக்காரர் ஞாபகம் மாதிரிதான் அந்த ஞாபகங்களும். அதனால் அதை ஒரு கைத்தடியாக மட்டும் வைத்துக்கொள்கிறேன். கடைகளில் விற்கிற பெடல் இல்லாத குட்டி வண்டியைக் காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா என்றால், வீட்டில் பழைய சைக்கிள் இருக்கும்போது தேவையில்லை என்பது என் எண்ணம். அதை விற்கிறவனே சொல்கிறேன்.

மகள் விஷயம் சுலபம். அண்ணனுக்குச் சின்ன வயதில் வாங்கிய 12 அங்குல சைக்கிள் எங்கேயாவது கிடந்தால் அதன் பெடலைக் கழற்றிக் கொடுத்துவிடுங்கள், வாசலில் அவள் பாட்டுக்கு நடக்கட்டும். பக்கச் சக்கரத்தை அவளுக்கு அறிமுகமே செய்யாதீர்கள். ஆனால் ஒன்று: அவள் அண்ணனுக்கு முன்னால் ஓட்டிவிட வாய்ப்பு இருக்கிறது. மறக்கவேண்டிய பழக்கம் அவளிடம் எதுவும் இல்லை. அன்றைக்கு "பாரு, தங்கச்சியே ஓட்டுறா" என்று யாராவது வாயைத் திறந்தால், பையன் சைக்கிளைக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவான். வீட்டில் பாட்டி இருந்தால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

எனக்கு எட்டாத ஒரு விஷயமும் உண்டு. எட்டு, ஒன்பது வயதாகியும், வாரக்கணக்கில் முயன்றும் பிள்ளையால் இரண்டு நொடி உருள முடியவில்லை, அதோடு படியிறங்குவது, சட்டைப் பித்தான் போடுவது, பென்சில் பிடிப்பது, பந்து பிடிப்பது இவற்றிலும் சிரமம் என்றால் அது சைக்கிள் விஷயம் இல்லை. அரசாங்கக் கிளினிக்கில் காட்டிக் கேளுங்கள், தேவையென்றால் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற தொழில்வழிச் சிகிச்சையாளரிடம் அனுப்புவார்கள். அப்படி வந்த இரண்டு பிள்ளைகளை நான் 'சோம்பேறி' என்று நினைத்திருக்கிறேன். தப்பு என்னுடையது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் மகன் அந்த வகை இல்லை, நன்றாக மிதிக்கிறான், ஓடுகிறான் என்கிறீர்கள்.

ஓட்டத் தெரிந்துவிட்டது என்பதும் சடக்கில் போகலாம் என்பதும் வேறு வேறு. தொடக்கப்பள்ளி வயதுப் பிள்ளைக்கு எதிரே வருகிற வண்டியின் வேகம் சரியாகப் பிடிபடாது. மணிக்கு 32 கிலோமீட்டருக்கு மேல் வருகிற வாகனத்தின் வேகத்தை அந்த வயதுப் பிள்ளைகளால் சரியாகக் கணிக்க முடிவதில்லை என்று லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லோரி தோட்டத்துச் சடக்கில் அதற்கு மேல்தான் வரும், ஓட்டுநரின் உயரத்திலிருந்து பார்த்தால் முன்னால் நிற்கும் சின்னப் பிள்ளை தெரியவே தெரியாது. பத்து வயது வரை பெரியவர் கூட இல்லாமல் சடக்குக்கு விடமாட்டேன் என்பது என் கணக்கு. லயத்துச் சந்து சடக்கில் சேருகிற இடத்தில் ஒரு கோடு போட்டு, அங்கே காலை ஊன்றி நிறுத்தி, வலது, இடது, மறுபடி வலது பார்க்கிற பழக்கத்தை இப்போதே போட்டுவிடுங்கள். நம் நாட்டில் முதலில் நம்மை இடிக்கக்கூடிய வண்டி வலப்பக்கத்திலிருந்துதான் வரும்.

பையன் கொஞ்சம் பெரியவனானதும் பிரேக்கைக் கழற்றிச் சீட்டை இறக்கித் தரச் சொல்லி அண்ணன்மார்கள் அவனை என்னைப் போன்ற கடைக்கு அழைத்து வருவார்கள். அப்படி மாற்றிய சைக்கிளை 'பாசிக்கால் லாஜாக்' என்கிறார்கள். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் அதிகாலை நேரத்தில் அப்படிப்பட்ட சைக்கிள்களில் போன எட்டு இளையர்கள் ஒரே விபத்தில் இறந்தார்கள். அன்றிலிருந்து என் கடையில் பிரேக்கைக் கழற்றுவதில்லை. பக்கத்து ஊரில் கழற்றித் தருகிறவர் இருக்கலாம். அதனால்தான் நிறுத்தக் கற்றுக்கொடுப்பதை இவ்வளவு நீட்டி எழுதினேன்.

கடைசியாகத் தீபாவளி சைக்கிள். பள்ளிச் சட்டை மாதிரி 'வளருகிற பிள்ளைதானே' என்று பெரிதாக வாங்காதீர்கள். பையனைச் சப்பாத்தோடு சுவரோடு ஒட்டி நிற்கவைத்து, கால் நடுவே ஒரு தடிப் புத்தகத்தை மேலே தொடும்வரை ஏற்றி, புத்தகத்தின் மேல் விளிம்புக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளந்து பாருங்கள். ஆறு வயதில் சுமார் 50 சென்டிமீட்டர் இருக்கும். சீட்டை அடிமட்டம் வரை இறக்கினால் அதன் உயரம் அந்த அளவுக்கு ஓரிரு சென்டிமீட்டர் குறைவாக இருக்கவேண்டும். 20 அங்குல சைக்கிளில் சீட்டு எவ்வளவு இறக்கினாலும் பெரும்பாலும் 55-க்கு மேல்தான் நிற்கும். பையன் இருபது கிலோ இருப்பான், அந்த இரும்பு சைக்கிள் பத்து கிலோவைத் தாண்டும். இப்போது இருக்கிற 16 அங்குலமே இன்னும் ஒரு வருடம் ஓடும். தீபாவளிக்கு ஒரு நல்ல தலைக்கவசமும், காற்றடிக்கிற பம்பு ஒன்றும் வாங்கிக்கொடுங்கள். பெல்லும் வேண்டும் என்பான், வாங்கிவிடுங்கள், ஆனால் வீட்டில் மதியத் தூக்கம் போய்விடும்.